ஆசாரத்து மான் தலைகள்

நான் கல்யாணமாகிக் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, அந்த வீட்டின் ஆசாரத்தில் யாரும் உட்காருவதில்லை. வாசலைத் தாண்டியதும் வரும் பெரிய முன்கூடத்தைத்தான் எங்கள் பக்கம் ஆசாரம் என்போம். மற்ற வீடுகளில் அங்கேதான் பருத்தி குவிந்து கிடக்கும், ஆட்கள் படுப்பார்கள், ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால் இலை போடுவார்கள். எங்கள் வீட்டில் அது பார்ப்பதற்கு மட்டும்.

மாமனார் பருத்தி விற்கக் கோயமுத்தூர் போகும்போதெல்லாம் ஒரு ஆலைக்காரர் வீட்டுக்குப் போவார். அந்த வீட்டுக் கூடத்தின் மேல் அவருக்குப் பல வருஷ ஆசை. விட்டத்திலிருந்து தொங்கும் கலர் கண்ணாடிக் குண்டுகள், ஆளுயரக் கண்ணாடி, சுவரைச் சுற்றிலும் முன்னால் சாய்ந்தபடி ராஜா ராணிப் படங்கள், நாலு மான் தலைகள். பிறகு அந்த ஊருக்குக் கரண்ட் வந்தது. ஆலைக்காரர் வீட்டில் சுவரை வழவழவென்று பூசி, பல்பு மாட்டி, பழைய மோஸ்தர் சாமான்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். மாமனார் அவற்றைப் பேசி வாங்கி, வைக்கோல் பொதிந்து வண்டியில் ஏற்றி வந்தார். கோயமுத்தூரில் பழசாகிப்போனது எங்கள் வீட்டில் புதுசாக ஏறியது. தரைக்கும் சிவப்பு சிமெண்ட் போட்டார்.

துடைப்பது என் வேலையாயிற்று. சோமனூர் ரோட்டில் வண்டி போகிற புழுதியும் பருத்திப் பஞ்சும் நாள் முழுக்க வந்து படியும். காலையில் துடைத்த கண்ணாடிக் குண்டு மத்தியானம் மங்கிவிடும். மான் கண்ணுக்கு ஈரத்துணி, கொம்புக்கு எண்ணெய்த் துணி. தரைக்குத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகம் தெரிய வேண்டும் என்பது மாமனார் கட்டளை. சாயங்காலம் சோற்றை உருட்டக் கை மடங்காது.

அந்தத் தரையில்தான் என் மாமியார் வழுக்கி விழுந்தார். வெயிலில் வந்த மாமனாருக்கு மோர் எடுத்துக்கொண்டு போனவர். இடுப்பெலும்பு போய்விட்டது. அவிநாசிப் பக்கத்திலிருந்து கட்டுக் கட்டுகிறவர் வந்து பார்த்து, உள்ளறைகளில் காற்றே இல்லை, ஆசாரத்திலேயே கட்டிலைப் போடுங்கள் என்றார்.

மாமனார் தயங்கினார். “ஒறம்பரை வந்தா எங்கீங்க உக்கார வெக்கறது?”

“இதுநா வரைக்கும் யாரு உக்காந்தாங்க?” என்றார் மாமியார், வலியோடு.

கட்டில் வந்தது. எனக்கு வேலை இரட்டித்தது. குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பிறகு துடைக்க ஏணியைத் தூக்க வேண்டும். என் கணவர் பொழுது விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். இருட்டின பிறகு வந்து அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் மாமியார் சொன்னார்: “அம்மணி, அந்த மானு மேல ஒரு துணியப் போத்தி உடு கண்ணு. பொழுதன்னைக்கும் என்னையவே பாக்குது.”

கால்மாட்டுச் சுவரில் இருந்த பெரிய தலை அது. பழைய சேலைக் கிழிசலைப் போர்த்தினேன். சாயங்காலம் வந்த மாமனார் அதை உருவிப் போட்டார். மறுநாள் நான் மறுபடி போர்த்தினேன். அவர் மறுபடி உருவினார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசத் தெம்பும் இல்லை எனக்கு.

ஆடிக் காற்று அடித்த ஒரு மத்தியானம். ஏணி மேல் நின்று கண்ணாடிக் குண்டைக் கையில் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். “அம்மணி, வெரசா வா” என்றார் மாமியார். குண்டைச் சங்கிலியில் மாட்டாமல் இறங்க முடியாது. கொக்கி சிக்கவில்லை. “இதா வாரேனுங்க அத்தை, இதா வாரேனுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மாட்டிவிட்டு இறங்குவதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அந்த வீட்டில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நிமிர்ந்தால் நிலையருகே மாமனார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னையும் ஏணியையும் கட்டிலையும் பார்த்தார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே ஏணி ஏறினார். முதலில் அந்த மான் தலை இறங்கியது.

“ஏனுங்க, நீங்க உழுந்துபோட்டா இன்னொரு கட்டலுக்கு எடமில்லீங்க” என்றார் மாமியார்.

“நீ பேசாமப் படு.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ராணியும் எறங்கோணுமா?” என்றார்.

“அவளும் என்னையத்தானுங்க பாக்கறா.”

நான் அடியில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன். கை வலித்தது. ஆனாலும் உள்ளே போகத் தோன்றவில்லை. படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்களாகச் சுவரில் தெரிந்தன. தரைக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாமனார் முகம் கழுவப் போனார். கோரைப்பாய் விரித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் சாப்பாடு கட்டிலுக்குப் பக்கத்தில், அந்தப் பாயில்தான்.

கழற்றிய சாமான்களை யாருக்கும் கொடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் மட்டும், எங்கே மான் தலையைக் காணோம் என்று கேட்டார்கள்.

ஆமாம், துக்கம்தான். மாமியார் எழுந்து நடக்கவேயில்லை. அடுத்த பருத்தி எடுப்பு முடிந்த சமயத்தில், காலைக் கஞ்சி குடித்த பிறகு, அமைதியாகப் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒறம்பரையும் கலைந்த அன்று வெறும் ஆசாரத்தைக் கூட்டப் போனேன். பாதியில் உட்கார்ந்தேன், அப்படியே தரையில் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே வரப் பார்த்த கோழிகளைச் சத்தமில்லாமல் கையால் விரட்டிக்கொண்டிருந்தார்.