குலுக்கலில் விழுந்த மிக்ஸி

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஆள் ஏற்றிப் போவார், சாயங்காலம் ஆள் ஏற்றி வருவார். ஜீப் சொந்தம் இல்லை. பேச்சு மட்டும் சொந்தம். நான் அதிகம் பேச மாட்டேன். எனக்குச் சாமைக் கொல்லை, புளியமரம், இரண்டு ஆடு. அதற்கே பொழுது சரியாகிவிடும்.

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் "நீ" என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் "நீங்க" வந்துவிடும். அந்த "ங்க"வைக் கேட்டால் அவர் வெளியே போகச் செருப்பைத் தேடுவார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் ஜீப்பிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கினார். உள்ளே மிக்ஸி.

"இன்னாயா இது?"

"குலுக்கல்ல வுழுந்துச்சுமே. கடையில சீட்டு எழுதிப் போட்டேன். என் பேரு வந்துச்சு."

நான் நம்பினேன். பண்டிகை நாளில் திருப்பத்தூர்க் கடைகளில் குலுக்கல் வைப்பது உண்டு. யாருக்காவது விழத்தானே வேண்டும்.

மாசியில் குக்கர் வந்தது. அதுவும் குலுக்கல் என்றார். பங்குனியில் டேபிள் ஃபேன் வந்தது.

"திருப்பத்தூர்ல வேற யாரும் சீட்டு போடறதில்லையா?"

"போடறாங்க. அவுங்களுக்கு வுழமாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

பக்கத்து வீடு என் நாத்தனார் வீடு. அவருக்கு அக்கா. மெதுவாகப் பேசத் தெரியாதவர். "என் தம்பி தொட்டா வுழுது" என்று அவர் ஒரு தடவை சொன்னார், ஊருக்கே கேட்டது.

எங்கள் பக்கம் சாமை விதைக்கும்போது முதல் கைப்பிடியைக் கைராசிக்காரர் ஒருவர் போட வேண்டும். அதற்கென்று ஒரு பெரியவர் இருந்தார். அவர் மகள் வீட்டோடு ஒடுகத்தூர் போய்விட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரரை அதில் உட்காரவைத்துவிட்டார்கள். கிடேரி வாங்கப் போனால் அவரைக் கூட்டிப் போனார்கள். போர் போட இடம் பார்க்கவும் கூட்டிப் போனார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். கூலி வாங்க மாட்டார், டீ மட்டும் குடிப்பார். வீட்டுக்கு வந்து, "நான் சும்மா நின்னாலே போதுமாம்" என்பார். வீட்டிலும் சும்மாதான் நின்றார்.

எனக்கு ஒரே கவலை, ஓடு. எங்கள் வீடு அடுப்புக்கு நேர் மேலே ஒழுகும். போன மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு களி கிண்டினேன். இந்த வருஷம் புளி விற்ற காசைத் துணியில் முடிந்து பெட்டியில் வைத்திருந்தேன். ஆடி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற அந்தக் காசு. அது அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. நாத்தனார் கொல்லை வரப்பில் ஒரு பலாமரம் இருக்கிறது. அதன் மேல் கிளையில் மட்டும் கிடைக்கும். ஒயர் கூடையில் எல்லார் போனையும் போட்டுத் தொரட்டியால் கிளையில் மாட்டிவிடுவோம். மணி அடித்தால் யாராவது இறக்கிக் கொடுப்பார்கள். என் போனும் அங்கேதான் தொங்கும்.

வருகிற மெசேஜைப் படிக்க எனக்குக் கண் பத்தாது, படிப்பும் பத்தாது. மகளிர் குழுக் கூட்டம் என்று மெசேஜ் வரும், நான் போக மாட்டேன், அபராதம் போடுவார்கள். நாத்தனார் மகள் காலேஜ் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் என் போனை வாங்கி ஏதோ செய்தாள்.

"அத்தே, இனிமே மெசேஜ் வந்தா போனே படிச்சுச் சொல்லும். சத்தம் ஃபுல்லா வெச்சிருக்கேன். நீங்க கொல்லையில இருந்தாக்கூட கேக்கும்."

இதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

மழை விழுந்து மண் பதமானது. முதல் விதைப்பு நாத்தனார் கொல்லையில். ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றோம். என் வீட்டுக்காரர் கிழக்கே பார்த்து நின்றார். நாத்தனார் முறத்தை நீட்டினார். அவர் ஒரு கைப்பிடி சாமையை அள்ளிக் கண்ணை மூடினார். அப்போது பலாமரம் பேசியது.

"மதிப்புக்குரிய வாடிக்கையாளரே. உங்கள் கிரெடிட் கார்டுக்கான தொகையை இன்னும் செலுத்தவில்லை."

பொம்பளைக் குரல். நல்ல தெளிவான தமிழ். எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்தோம்.

"யாருதுடா அது?" என்றார் ஒருவர்.

மழையில் டவர் படுத்து, அப்போதுதான் எழுந்திருக்கிறது. தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மின்சாதனக் கடை ஒன்றின் பேரைச் சொல்லி மிக்ஸித் தவணை பாக்கி என்றது. பாத்திரக் கடை ஒன்றின் பேரைச் சொல்லிக் குக்கர்த் தவணை பாக்கி என்றது. ஃபேனையும் விடவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் பேரை முழுசாக, அப்பா பேரோடு சேர்த்துச் சொல்லி, நன்றி என்றது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை. முதல் கைப்பிடி கீழே சிந்தக்கூடாது. கை காலியாக இருந்திருந்தால் ஓடியிருப்பார்.

நாத்தனார்தான் முதலில் பேசினார். "வெதைடா. ஒதை அப்பறம்."

விதைத்தார். கண்ணை மூடியபடியே வீசியதில் நன்றாகப் பரவலாகத்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து நான் கதவைச் சாத்தினேன். செருப்பை முதலிலேயே எடுத்து ஒளித்துவிட்டேன்.

"சொல்லுங்க" என்றேன்.

அந்த "ங்க"வைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். "பஸ் ஸ்டாண்டுல குடை போட்டு ஒருத்தன் ஒக்காந்திருந்தான்மே. கார்டு குடுத்தான். இப்பக் காசு தர வேணாம்னான்."

"அப்பறம்?"

"அப்பறம்னு அவன் சொல்றப்போ ஜீப்பு ரொம்பிடுச்சு. ஆளுங்க கூப்ட்டாங்க. வந்துட்டேன்."

"என் நம்பரை ஏன் குடுத்தீங்க?"

"அப்ப என் போனு ரிப்பேர்ல இருந்துச்சு. நீதான் மெசேஜே பாக்க மாட்டியே."

"குலுக்கல்னு ஏன் சொன்னீங்க?"

"வாங்கினேன்னு சொன்னா காசு ஏதுன்னு கேப்ப."

"கேப்பேன்."

"அதுக்குத்தான்."

"அடுப்பு மேல ஒழுகுது. நீங்க ஃபேன் வாங்கியாந்திருக்கீங்க. ஒழுகற தண்ணிய ஃபேன வெச்சு காய வெக்கறதா?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார். "புளிக்காசுல கொஞ்சம் எடுத்துக் கட்டிட்டா..."

"தொட்டுப் பாருங்க."

தொடவில்லை.

அதன் பிறகு வீட்டில் எதையும் நம்ப முடியவில்லை. சாப்பிட்டாச்சு என்பார், நான் தட்டைப் பார்ப்பேன். ஜீப்பில் ஆள் இல்லை என்பார், இறங்கியவர்களிடம் கேட்பேன். மழை வருது என்றார் ஒரு நாள். வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். மழைதான். ஓட்டுக்காசு போனால் மறுபடி புளி காய்க்கும். இந்த ஆள் சொல்வதை நான் இனி எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது.

சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடைகளில் கேட்டோம். பாதி விலைகூடத் தேறவில்லை. அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு நாத்தனார் வேலியோரம் நின்று சத்தம் போட்டார்.

"குலுக்கல்ல வந்துச்சுன்னு சொன்னான் இல்ல? குலுக்கல்லயே போவட்டும்!"

அது நல்ல யோசனையாக இருந்தது. வீட்டுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஒரு தொகை. சேர்ந்ததையும் ஜீப் கூலியையும் வைத்துக் கார்டுக்காரனை அடைத்துவிடலாம். புளிக்காசு முடிச்சு முடிச்சாகவே இருக்கும்.

பொதுப் புளியமரங்களைப் பங்கு போட எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. எல்லாருக்கும் எழுத வராது. அதனால் ஆளுக்கு ஒரு அடையாளப் பொருளைப் பானையில் போடுவோம். ஒருத்தர் சாவி போடுவார், ஒருத்தர் பொத்தான், ஒருத்தர் கூழாங்கல். கையை விட்டு எடுப்பவர் வெளியூர் ஆளாக இருக்க வேண்டும். உள்ளூர் ஆளுக்குத் தடவினாலே எது யாருடையது என்று தெரிந்துவிடும். என் அடையாளம் கல்யாணத்தில் போட்ட மெட்டி. வெடித்துப் போனதால் கழற்றி வைத்தது.

இந்தத் தடவை ஊர் ஒரு தப்பு செய்தது. நாத்தனார் கொல்லையில் சாமை கோரைப்புல் போல நெருக்கி முளைத்திருந்தது. "கடன்காரன் கைதான். ஆனா மொளைச்சிருக்கு பாரு" என்று எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ராசியான கை இருக்கும்போது வெளியூர் ஆள் எதற்கு என்றார்கள். என் வீட்டுக்காரரே எடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

எனக்கு அந்த மிக்ஸி மேல் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன். ஒரு ஆட்டை விற்ற காசில் நானும் ஒரு பங்கு போட்டேன். மெட்டியைப் பானையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பலாமரத்தடியில் குலுக்கல் நடந்தது. அவர் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். முதலில் குக்கர். ஒரு சாவி வந்தது. அடுத்து ஃபேன். கூழாங்கல் வந்தது. கடைசியில் மிக்ஸி. அவர் கையை விட்டார். கொஞ்சம் நேரம் எடுத்தது. வெளியே வந்த கையில் சுண்டுவிரல் நுனியில் என் மெட்டி மாட்டியிருந்தது.

ஊர் சிரித்தது. "புருசன் கைய பொண்டாட்டி மெட்டி புடிச்சிக்கிச்சு!" என்றார் ஒருவர். "ராசின்னா இதான்யா" என்றார் இன்னொருவர். யாரும் சண்டைக்கு வரவில்லை. நான் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அவர் பின்னால் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆட்டுப் பட்டி வரை வந்துவிட்டோம். நான் நின்றேன்.

"தெரிஞ்சு எடுத்தியா?"

அவர் ஆட்டைப் பார்த்தார். இல்லை என்று சொல்லப் போகிறார், நான் அதை நம்பிவிட்டு மிக்ஸியை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"தெரிஞ்சுதான்மே எடுத்தேன்" என்றார்.

"ஏன்?"

"நீ ஆடு வித்துப் பங்கு போட்டியே."

கேட்டதும் நெஜம் சொல்லிவிட்டார். அதுவும் இப்போதுதானா சொல்ல வேண்டும்.

"திரும்புங்க" என்றேன்.

"யாருக்கும் தெரியாதுமே."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நடங்க."

கூட்டம் இன்னும் கலையவில்லை. நான் மிக்ஸியைக் கீழே வைத்தேன். பேசவில்லை. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "மெட்டின்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். தப்பு. மறுபடி போடுங்க."

நாத்தனார் எழுந்து வந்து தம்பி முதுகில் ஒன்று வைத்தார். "இன்னிக்குத்தாண்டா ஒன் வாயில நல்ல வார்த்த வந்திருக்கு" என்று சொல்லி இன்னொன்றும் வைத்தார்.

ஒடுகத்தூரிலிருந்து கருவாடு விற்க ஒருவர் வந்திருந்தார். வெளியூர் ஆள். கூடையை இறக்கச் சொல்லி, கையைக் கழுவச் சொல்லி, பானைக்குள் விடச் சொன்னோம். ஒரு சிவப்புப் பொத்தான் வந்தது. நாத்தனாருடையது.

கார்டுக் கடன் அடைந்தது. கணக்கை முடித்துவிட்டதாகப் பலாமரமே சொன்னது. கார்டை நாத்தனார் மகள் இரண்டாக வெட்டிக் கொடுத்தாள். பலாப்பழம் அறுத்தால் கத்தியில் ஒட்டும் பாலை வழிக்க ஒரு பாதி என்னிடம் இருக்கிறது. நன்றாக வழிக்கிறது. ஓடு மாற்றியாகிவிட்டது. ஆடி மழைக்குக் குடை இல்லாமல் களி கிண்டினேன்.

இப்போதெல்லாம் அவர் எது கொண்டுவந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுகிறார். "உப்பு. காசு குடுத்து வாங்கினது." "சோப்பு. காசு குடுத்தது." ஒரு நாள் ஒரு கட்டு கீரை கொண்டுவந்தார். "இது ஜீப்புல ஒரு அம்மா சும்மா குடுத்தாங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கீரையை வாங்கி ஆய ஆரம்பித்தேன். யாரையும் கேட்கவில்லை.

காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிறது. நாத்தனார் குரலைவிடச் சத்தம் கம்மிதான். இந்தப் பக்கம் நான் அம்மியில் அரைக்கிறேன்.

"இன்னாமே, சட்னி அரைச்சித் தரட்டா?" என்று நாத்தனார் கத்துவார்.

என் வீட்டுக்காரர் தட்டில் களியை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"போய் வாங்கியா" என்பேன். "கிண்ணத்தைக் கழுவிக் குடுத்துடு."