பச்சை நுரை

எண்பதுகளில் செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். தொட்டியில் வளர்த்த பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து, காஸ்டிக் சோடாவும் மெத்தனாலும் சேர்த்து டீசலாக்குவது என் பொறுப்பு. ஒரு மாதத்தில் இன்ஜினை ஓட்டிக் காட்டுவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

மழைக்காலத்தில் பாசி காயவில்லை. அவசரத்தில் ஈரத்தோடே எண்ணெய் எடுத்தேன். கடைசியில் புட்டியில் நின்றது டீசல் அல்ல, பச்சைக் கூழ். காஸ்டிக்கில் கலப்படம் என்று முடிவு கட்டினேன். அதை எனக்கு விற்ற தாராவி சோப்புப் பட்டறைக்கார பாயிடம் புட்டியோடு போய்ச் சத்தம் போட்டேன்.

அவர் ஒரு துளிக் கூழை என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

"தேய்ங்க மேடம்."

தேய்த்தேன். நுரை பொங்கியது.

"என் சரக்கு சுத்தம். உங்க எண்ணெயிலதான் ஈரம். டீசல் காய்ச்சப் போயி சோப்பு காய்ச்சிட்டீங்க."

கையிலிருந்த நுரையைக் கழுவினேன். அவர் தொடர்ந்தார்: "இந்த மழையில பாசிய எங்க காய வைப்பீங்க? நம்ம அடுப்போரம் போட்டுக்கிடுங்க."

அந்த அடுப்போரம் காய்ந்த பாசியில்தான் எங்கள் இன்ஜின் ஓடியது. முதல் புட்டி டீசலை பாயிடம் காட்டினேன். "நுரை வருதா?" என்று மட்டும் கேட்டார்.

நான் செய்த தவறிலேயே அன்று கை கழுவினேன். அதனால்தான் அந்த வேலையைக் கைகழுவவில்லை.