ரெட்டியார்பாளையத்துப் புலி

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலுக்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்தத் தொழிலைச் செய்யாதவர்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது, வந்திருக்கும் கணவன் மனைவியில் யார் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டும், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து தலைவலி மாத்திரை போட்டிருப்பீர்கள். அதையே எட்டு நாளைக்கு, பிரெஞ்சு மொழியில் அனுபவித்தால் அதுதான் என் உத்தியோகம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் வேலை பார்த்த பஞ்சாலை மூடிக் கிடந்தது. ப்ரெவே என்கிற பள்ளிப் பரீட்சை வரை பிரெஞ்சில் படித்தவன் என்ற ஒரே தகுதியைப் பார்த்து, புதுச்சேரியில் ஒரு டிராவல்ஸ் முதலாளி என்னை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார். சைக்ளோஸ்டைல் செய்த இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தார். செஞ்சி முதல் மதுரை வரை எல்லா ராஜாக்களும் அதில் அடங்கிவிட்டார்கள். தாளில் இல்லாததை யாராவது கேட்டால் பதினோராம் நூற்றாண்டு என்று சொல்லிவிட வேண்டும் என்பது உத்தரவு.

கூட வந்த டிரைவர் கலிவரதன் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்பாசிடர் காரை மாட்டு வண்டி மாதிரி அதட்டி ஓட்டுவான். எங்கள் சுற்றுலாவின் கடைசி இரண்டு நாள் தேக்கடிக் காடு. மிருகம் பார்க்க மனிதன் காசு கொடுத்துப் போவான் என்பதை அவனால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதல் பயணத்திலேயே சொன்னான்: "எங்க கொல்லையில மல்லாட்டைப் பயிர் போட்டா காட்டுப்பன்னி தானா வருதுண்ணே. அதுக்கு டிக்கெட் போட்டிருந்தா நான் எதுக்கு உங்களுக்கு காரு ஓட்டப் போறேன்?"

சென்ட் பாட்டில்

ஒரு ஜனவரி மாதம் எனக்கு வாய்த்தவர்கள் மிசியே கோவிந்தசாமி, அவர் மனைவி மதாம் ஒதெத். கோவிந்தசாமி நம் ஊர் ரெட்டியார்பாளையத்துக்காரர். சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தாவாகி, பென்ஷனோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். மதாம் அங்கே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அம்மாளை நம் ஊருக்கு அழைத்து வந்தது அதுதான் முதல் தடவை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை அவர் மட்டும் சாரம் பகுதியில் இருந்த என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "தம்பி, என் மானம் உங்க கையிலதான் இருக்கு" என்றார். "அவளைப் பாத்த புதுசுல, உங்க ஊர்ல புலி இருக்கான்னு கேட்டா. அவ்ளோ ஆசையா கேட்டா தம்பி. இல்லன்னு சொல்ல மனசு வரல." ஒரு புலியில் தொடங்கியது, வருஷத்துக்கு வருஷம் குட்டி போட்டிருக்கிறது. ரெட்டியார்பாளையம் அடர்ந்த காடு. பள்ளிக்கூடம் போகும் வழியில் யானை மறிக்கும். இவர் விசிலடித்தால் ஒதுங்கிப் போகும், மறுபடி விசிலடித்தால் திரும்பி வரும். வீட்டுக் கொல்லைக்கு வந்த புலியை இவருடைய அப்பா அரிவாளால் ஒரே வெட்டில் சாய்த்தார். "நான் பாத்த யானையெல்லாம் கோயில் வாசல்ல வாழைப்பழம் வாங்கினதுதான் தம்பி. இப்ப அவளே காட்டுக்கும் சேத்துப் பணம் கட்டிட்டா."

தெரிந்தால் சண்டை போடுவார்களா என்று கேட்டேன். "சண்டை போட்டா பரவால்லியே. பேசாம என்னைப் பாப்பா. நான் சொல்ற எல்லாத்தையும் நம்புற ஒரே ஆளு தம்பி அவ. அது போயிட்டா அந்தக் குளுர்ல எனக்கு வேற என்னா இருக்கு?" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொல்லி அனுப்பினேன். அவர் போகும்போது ஒரு பிரெஞ்சு சென்ட் பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று திரும்பினால், வீடே மல்லிகைத் தோட்டமாக மணக்கிறது. என் வீட்டுக்காரி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் தொறந்துட்டேன். இனிமே நீங்க முடியாதுன்னு சொல்ல முடியாது."

காடு எங்கே?

செஞ்சிக்குப் போவதென்றால் விழுப்புரம் ரோடு. விழுப்புரம் ரோடு என்றால் பத்தாவது நிமிஷம் ரெட்டியார்பாளையம். இதை நானும் யோசிக்கவில்லை, கோவிந்தசாமியும் யோசிக்கவில்லை. பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த மதாம், ஜன்னல் கண்ணாடியை அவசரமாக இறக்கினார். வெளியே ஒரு சைக்கிள் கடை, ஒரு மாவு மில், டீக்கடை வாசலில் தினத்தாள் படித்துக்கொண்டு நாலு பேர். "காடு எங்கே?" என்று கேட்டார். கோவிந்தசாமி என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடரிக்கே தெரிந்தது.

"வெட்டிவிட்டார்கள், மதாம். உங்கள் கணவர் பட்டாளத்துக்குப் போன மறு வருஷமே" என்றேன். மதாமின் முகம் வாடிவிட்டது. ஒரு முழுக் காடு போய்விட்டதே என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். எனக்கு உறுத்தியது. மாவு மில்லைக் காட்டிப் புலி வெட்டுப்பட்ட இடம் அதுதான் என்று கோவிந்தசாமி சொல்ல, மதாம் காரை நிறுத்தச் சொல்லி அந்த மில்லைப் போட்டோ எடுத்தார். உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்தவர் தலைவாரிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். விஷயத்தை என்னிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட கலிவரதன் கியரைப் போட்டபடி சொன்னான்: "நானும் இந்த வழியா பத்து வருசமா போறேன். இங்க நான் பாத்த பெரிய மிருகம் முனிசிபாலிட்டி லாரிதாண்ணே."

குலதெய்வம்

சின்ன வயதில் செஞ்சிக் கோட்டை மேல் ஒரே மூச்சில் ஓடியிருக்கிறேன் என்றும் கோவிந்தசாமி விட்ட ஒரு கதை இருந்தது. வாழ்நாளில் அன்றுதான் அந்த மலையைக் கிட்டத்தில் பார்த்தார் மனிதர். மதாம் மலைநாட்டுக்காரி, விறுவிறுவென்று ஏறிக்கொண்டே போனார். கோவிந்தசாமி நூறாவது படியில் உட்கார்ந்து, இங்கிருந்து பார்த்தால்தான் அழகு என்று சொல்லிவிட்டார்.

உட்கார்ந்த இடத்தில் குரங்கு வந்தது. ஒன்றுதான், அதுவும் வயசான குரங்கு. அவர் மடியில் இருந்த மதாமின் தொப்பியைப் பிடித்து இழுத்தது. புலி வெட்டிய வம்சத்து வாரிசு தொப்பியை விட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டார். சத்தம் கேட்டு மதாம் இறங்கி வந்தார். குச்சியைக் காட்டித் தொப்பியை மீட்டார். ஏன் விரட்டவில்லை என்று கேட்டதற்கு, "குரங்கு எங்கள் குலதெய்வம், கை ஓங்கக் கூடாது" என்றார் கோவிந்தசாமி. மதாம் என்னைப் பார்த்தார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தொப்பியைத் தட்டிக்கொண்டே மதாம் சொன்னார்: "அப்பா புலியை வெட்டுகிறார், பிள்ளை குரங்கைக் கும்பிடுகிறார். ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு பக்தி!"

வழிகாட்டிக்குச் சம்பளம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் என் வேலை இன்னும் சிக்கலானது. இந்தக் கோயில் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று கோவிந்தசாமி என்றைக்கோ சொல்லி வைத்திருந்தார். அதனால் நான் தமிழில் முணுமுணுப்பேன், அவர் அதைப் பிரெஞ்சில் மனைவிக்குச் சொல்வார். "நந்தி, ஒரே கல்லு" என்று நான் சொன்னால், அது அவர் வாயில் போய், மலையிலிருந்து ஆயிரம் யானை இழுத்து வந்த கல்லாகிவிடும். அந்த யானைகளை ஒதுக்கி நிறுத்தியது தன் முப்பாட்டன் விசில் என்றும் சேர்த்துக்கொண்டார். என் இரண்டு தாள் சரித்திரம் அன்று பத்துத் தாளாகியிருக்கும்.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார் மதாம். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பிரெஞ்சு பேசவில்லை. பிரகாரத்து நிழலில் என்னைத் தனியாக நிறுத்தி, கோபமே இல்லாமல், பரீட்சையில் பெயிலான பையனிடம் பேசுகிற குரலில் கேட்டார்: "மிசியே, எல்லாம் என் கணவரே சொல்கிறார். உங்களை நாங்கள் எதற்காகக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்?"

யார் வெள்ளைக்காரர்?

மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடை. இலையில் வத்தக்குழம்பு விழுந்ததும் கோவிந்தசாமிக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். வெறும் தயிரும் சர்க்கரையும் கேட்டார். மதாம் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, கையால் பிசைந்து, மோர்மிளகாயையும் ஒரு கை பார்த்தார். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு வந்து, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு இன்னொரு கரண்டி ஊத்தறேன். வெள்ளைக்கார ஐயாவுக்கு பிரட் ஏதும் வாங்கியாரச் சொல்லட்டுமா?"

விசில்

தேக்கடியில் ஏரி. படகில் போனால் கரையில் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்களைப் பார்க்கலாம். தனிப் படகு பேசியிருந்தோம். முதல் நாள் மாலை இரண்டு மணி நேரம் சுற்றியும் நீர்க்காகங்களும் நாலு காட்டுப்பன்றிகளும்தான். பன்றியைப் பார்த்ததும் கலிவரதன் அலுத்துப்போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

மதாம் கணவரின் தோளைத் தொட்டார். "விசிலடியுங்கள்" என்றார். இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த விசில். கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் என் இரண்டு தாள்களாலும் உதவ முடியவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். முதலில் வெறும் காற்று வந்தது. மூன்றாவது முறை விசில் வந்து, ஏரி முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பியது. கரையில் நின்ற பன்றிகளும் ஓடிப்போயின. மதாம் பைனாகுலரை இறக்கவில்லை. யானை வந்துகொண்டிருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. படகுக்காரர் பதறிப்போய் இன்ஜினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சார், விசிலடிச்சா யானை வராது. ரேஞ்சர்தான் வருவாரு."

என்ன சொல்கிறார்?

மறுநாள் காலை. ஏரி மேல் பனி இன்னும் விலகவில்லை. ஒரு வளைவில் படகு திரும்பியதும் படகுக்காரர் பேசாமல் கையை நீட்டினார். கரையில் ஏழு யானைகள். ஒரு குட்டி, தாயின் கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு தும்பிக்கையை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது.

கோவிந்தசாமி எழுந்து நின்றுவிட்டார். படகு ஆடியது. அவருக்குப் பிரெஞ்சு மறந்துபோனது. "ஐயோ தம்பி, பாருங்க தம்பி! குட்டியைப் பாருங்க! என் ஆயுசுல நான் பாத்ததே இல்ல தம்பி. வாயால சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன். நெசமா இப்படியா இருக்கும்!" என்று கத்தினார். அறுபது வயது மனிதர் கன்னத்தில் கண்ணீர் வழிய, என் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

மதாம் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

எட்டு நாள் பயணத்தில் என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னது அந்த ஒரு தடவைதான். "இவ்வளவு அழகான குட்டியை இதற்கு முன் பார்த்ததில்லையாம், மதாம்" என்றேன்.

"இல்லை" என்றார் கோவிந்தசாமி, இப்போது பிரெஞ்சில். உட்கார்ந்துகொண்டு, தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "குட்டியையும் பார்த்ததில்லை, பெரியதையும் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் காடே கிடையாது, ஒதெத். என் அப்பா பஞ்சாலையில் நூல் சுற்றியவர். புலியைப் படத்தில் பார்த்திருப்பார்."

கலிவரதனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த மனிதருக்காகப் பயமாக இருந்தது. அந்த அம்மாள் இப்போது பேசாமல் அவரைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். மதாம் அவரைப் பார்க்கவே இல்லை. யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி தண்ணீரில் விழுந்து, எழுந்து, தாய் பின்னால் காட்டுக்குள் போகும் வரை பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கணவரின் முகத்தை, குழந்தைக்குத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே என்னிடம்தான் பேசினார்.

"மிசியே, இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம் திறக்கும் முதல் நாள் நான் அந்தப் புலிக் கதையைத்தான் சொல்கிறேன். முதலில் கேட்ட பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். எங்கள் ஊர் மேயருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் நான்தான் சொன்னேன். அரிவாள் கதையில் கொஞ்சம் ரத்தம் போதவில்லை என்று நானே சேர்த்திருக்கிறேன். செத்த புலி செத்ததாகவே இருக்கட்டும்; அதை உயிரோடு எழுப்ப எனக்கு இனி வயதில்லை."

இப்போதும் எந்தக் கோயிலில் எந்த ராஜாவின் வெற்றியைக் கல்வெட்டிலிருந்து படித்துக் காட்டினாலும், இந்த ராஜாவுக்கும் வீட்டில் ஒரு டீச்சர் அம்மாள் இருந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.