பதினோரு இடத்தில் ஒரு பெயர்

மன்சூரா அரசு மருத்துவமனையில் ஆண்கள் இதய நோய் வார்டின் தலைமைச் செவிலி இன்ஸாஃப், இருபத்தெட்டு வருடமாக ஒருவரையும் நம்பியதில்லை. ஊசி போடுவதிலிருந்து படுக்கை விரிப்பதுவரை எல்லாம் அவள் கைதான். காலை பத்து மணிக்கு ஊற்றிய தேநீர் பகல் ஒரு மணிக்கும் தொடப்படாமல் கிடக்கும். வார்டில் எல்லாரும் 'உம்மு ஹானி', ஹானியின் அம்மா, என்று கூப்பிடும் உதவியாளர் ஷவ்கியாவுக்கு மிஞ்சியது நோயாளிகளைக் குளிப்பாட்டுவதும் தரை துடைப்பதும்.

அந்தக் குளிர்காலத்தில், வேலைகளைப் பகிர்ந்து கொடுத்து, எதற்கு யார் பொறுப்பு என்று எழுதி ஒட்டச் சொல்லி செவிலியர் இயக்குநர் தவ்ஹீதா உத்தரவு போட்டார். இன்ஸாஃப் தட்டாமல் செய்தாள். பதினோரு வேலைகளுக்கு நேராக ஷவ்கியாவின் பெயரை முத்து முத்தாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பதினொன்றையும் தானே செய்யப் போனாள். பூரித்துப்போன தவ்ஹீதா அந்தப் பட்டியலை நகலெடுத்து மற்ற வார்டுகளுக்கு மாதிரியாக அனுப்பிவைத்தார்.

நான்காம் படுக்கையில் ஹாஜ் பஸ்யூனி. பலவீனமான இதயம், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தினமும் எடை பார்த்து எழுத வேண்டும். செவிலியர் இருவர் காய்ச்சலில் படுத்த வாரம், இன்ஸாஃபின் இரண்டு கைகள் இருபது படுக்கைக்கு எட்டவில்லை. செவ்வாய்க்கிழமை எடை பார்க்க மறந்தாள். புதனும் மறந்தாள். வியாழன் காலை ஹாஜ் கால் வீங்கி மூச்சுக்குத் திணறினார். டாக்டர் நஷ்அத் மதியத்துக்குள் ஆளை மீட்டுவிட்டு, எடை அட்டையில் காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"உம்மு ஹானி, எடை பார்க்கிறது உன் பொறுப்புன்னு போட்டிருக்கே?"

ஷவ்கியா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பதினோரு இடத்துல என் பேரு இருக்கு டாக்டர்! எனக்கே தெரியாம இவ்வளவு வேலை பார்த்திருக்கேனா?"

இன்ஸாஃப் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், காகிதம் காப்பாற்றிவிடும். ஷவ்கியா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். இன்ஸாஃபால் அதைத்தான் தாங்க முடியவில்லை. நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"அந்தப் பட்டியல் பொய் மேடம். அவகிட்ட நான் சொல்லவே இல்ல. மறந்தது நான்தான்."

தவ்ஹீதாவின் முகம் வெளிறியது. "மெதுவாப் பேசு! ஒன்பது வார்டுல அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க. உம்மு ஹானிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்து முடிச்சிடலாமே?"

"அப்ப அதுல என் பேரைப் போடுங்க."

போட்டார்கள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் எச்சரிக்கை. மாதிரிப் பட்டியல் மட்டும் ஒன்பது வார்டுச் சுவர்களிலும் அப்படியே இருந்தது.

மறுநாள் இன்ஸாஃப் ஷவ்கியாவை எடைப் பொறி முன்னால் நிறுத்தி, முள்ளைப் பார்க்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தாள். "ஒரு கிலோ கூடினாலும் உடனே எங்கிட்ட சொல்லணும். வேலைதான் உன்னுது. தப்பு நடந்தா பதில் சொல்றது நான்."

"இதுவரைக்கும் தலைகீழா இருந்துச்சு மிஸ்," என்றாள் ஷவ்கியா.

மூன்றாம் நாள் அவள் ஓடி வந்தாள். "ஹாஜ் ஒன்றரைக் கிலோ ஏறிட்டார். ஏறாம என்ன செய்வாரு? மருமகன் கொண்டுவர்ற உப்பு ஊறுகாயைத் தலையணைக்கு அடியில வச்சுத் தின்னுறார். குளிப்பாட்டும்போது ஒருநாள் எனக்கும் ஒரு துண்டு நீட்டினாரு. ஊறுகாய் ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

இன்ஸாஃப் நான்காம் படுக்கைக்குப் பாய்ந்தாள். "ஏன் ஹாஜ் எங்கிட்ட சொல்லல?"

"உன்கிட்டயா? மூச்சு விடக்கூட உன்கிட்ட அனுமதி கேக்கணும்மா!"

பக்கத்துப் படுக்கைகளில் சிரிப்பு பரவியது. இருபத்தெட்டு வருடமாகத் தினமும் தலையணைகளைத் தட்டிப்போட்டவள் அவள். இந்த மூன்று நாள்தான் அந்த வேலையையும் ஷவ்கியாவுக்கு விட்டிருந்தாள்; அதற்குள் ஊறுகாய் அங்கே குடியேறிவிட்டது. ஊறுகாய்ப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். டாக்டர் மருந்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை மேசையில் உட்கார்ந்தபடியே கேட்டாள்: "நாலாம் படுக்கை எடை பார்த்தாச்சா?"

"ஆச்சு மிஸ்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. "சரியாப் பார்த்தியா?"

"இன்னொரு தடவை கேட்டா, எடைப் பொறியை உங்க மேசைக்கே தூக்கிட்டு வந்துருவேன்."

இன்ஸாஃப் எழுந்தாள். வார்டு வாசல்வரை போய் நின்றாள். உள்ளே ஷவ்கியா குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.