நெவிலின் பேன்ட் கால்கள்

புட்டிங் வீட்டைவிட்டுப் போனது ஊர் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை. அவள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நெவில் ஆக்ராய்டு முன்வாசல் படியில் உட்கார்ந்து ஒரு ஜீன்ஸ் காலின் தையலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்த எதையும் அவர் அப்படித்தான் சோதிப்பார். "என் பல்லுக்கே தாங்கலைன்னா அவ பல்லுக்கு எங்க தாங்கும்?" என்பார்.

புட்டிங் ஒரு வெள்ளை ஃபெரெட். கீரிக்குத் தம்பி முறை சொல்லலாம்: நீள உடம்பு, குட்டைக் கால், எந்த ஓட்டையைக் கண்டாலும் உள்ளே போய்ப் பார்த்தே தீரவேண்டும் என்ற புத்தி. எங்கள் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் நாய் இல்லாத வீட்டிலும் ஃபெரெட் இருக்கும். புட்டிங்குக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனாலேயே இரண்டு வீடுகள் அவளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தன. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிப்பாள். நெவில் தொடமாட்டார், தரையைக் காலால் இரண்டு முறை தட்டுவார். அதிர்வு தெரிந்ததும் அவள் எழுந்து வருவாள்.

நெவில் நகராட்சிக் குப்பை லாரியோடு நடப்பவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஊசி அந்த விரல்களுக்கு நடுவே இருப்பதே தெரியாது. குப்பை எடுக்கும் நாளில் எங்கள் தெருக்காரர்கள் கிழிந்த ஜீன்ஸை மடித்துத் தொட்டி மேல் வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அது சுரங்கமாகவோ, ஊஞ்சலாகவோ, பைக்குள் பையாகவோ மாறிவிடும். கடைசிப் பைக்குள் காய்ந்த கோழி ஈரல் ஒரு துண்டு இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஃபெரெட்டுக்கு ஒரு முழு மதியம் வேண்டும். பொத்தான் கிடையாது, ரப்பர் கிடையாது. விழுங்கினால் குடல் அடைத்துவிடும். துவாலைத் துணியைத் தொடவே மாட்டார், நூல் வளையத்தில் நகம் மாட்டும். பெயரெல்லாம் துணி கொடுத்தவர் பெயர்தான். "பாதிரியாரோட முழங்கால எங்கம்மா வெச்ச?" என்று அவர் மனைவி அவ்ரிலிடம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்கும் குரல், ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் திரும்பிய எனக்கு வீடு வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொன்ன முதல் குரல்.

"என்னைக் கட்டிக்கிட்டப்ப இவரு பேன்ட்டுல ஆள் இருந்தாரு," என்பார் அவ்ரில். "இப்ப பேன்ட்டு எல்லாம் குழாயாப் போச்சு."

போன வருட விழாவில் நெவில் கைவேலைக் கூடாரத்தில் ஒரு சுரங்கத்தைப் போட்டிக்கு வைத்திருந்தார். நடுவர் திருமதி த்வெய்ட் அதைத் தூக்கிப் பார்த்தார். தூரமாகப் பிடித்துக்கொண்டார். "தையல் அருமையா இருக்கு, மிஸ்டர் ஆக்ராய்டு. ஆனா வாடை கூடாரத்த விட்டு வெளிய போய் ஆளுங்கள விரட்டுது" என்றார். ஊரே சிரித்தது, நெவிலும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. இந்த வருடம், அந்த வியாழக்கிழமை காலை, வீட்டில் இருந்த சுரங்கம், ஊஞ்சல், பை, படுக்கை எல்லாவற்றையும் லாவண்டர் மணக்கிற சோப்பு போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டார். பின்கதவு திறந்தே கிடந்தது.

நான் துணி எடுக்க வெளியே வந்தபோது அவ்ரில் கொடிக்கு அடியில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா தொவைச்ச?"

"ஆமா."

"ஒண்ணுகூட விட்டுவைக்கல?"

நெவில் விறகுக் குவியலுக்குப் பின்னால் குனிந்து புட்டிங்கைத் தேட ஆரம்பித்திருந்தார். புதிதாக ஃபெரெட் வளர்க்க யோசனை கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொல்வதே இதுதான்: ஒருநாளும் எல்லாவற்றையும் சேர்த்துத் துவைக்காதே, பாதியை அழுக்காகவே விடு, இல்லையென்றால் அது தன் வீடு எதுவென்றே தெரியாமல் வெளியே தேடப் போகும். ஊருக்குச் சொன்னவர் ஒரு பரிசுக்காக மறந்துவிட்டார்.

வேறு ஃபெரெட் என்றால் கீச்சிடும் பொம்மையை அமுக்கிக்கொண்டே தெருவில் நடக்கலாம், எங்கிருந்தாலும் ஓடிவரும். புட்டிங்கை எப்படிக் கூப்பிடுவது? கல் பாவிய தெரு, தட்டினாலும் அதிராது. வீட்டில் வளர்ந்த ஃபெரெட் வெளியே சில நாட்கள்தான் தாங்கும். நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது, பசி இருக்கிறது. நாங்கள் கொட்டகைகளுக்கு அடியில் டார்ச் அடித்தோம், வேலியோரமெல்லாம் முட்டை உடைத்து வைத்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க நெவில் வேலைக்கு நடுவே ஒவ்வொரு குப்பைத்தொட்டியையும் கவிழ்ப்பதற்கு முன் உள்ளே கைவிட்டுத் துழாவினார் என்று அவருடைய டிரைவர் சொன்னார். சாயங்காலம் நான் போனபோது தைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை வெறுங்கையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பரிசு கேட்டேன் பாரு, கண்ணு," என்றார். "நாத்தம் புடிச்ச வீட்டுல நிம்மதியா இருந்தா அவ."

சனிக்கிழமை விழாவுக்கு வரமாட்டேன் என்றவரை அவ்ரில்தான் இழுத்துவந்தார். "நாலு பேரு கூடுற இடம். யாராச்சும் பாத்திருப்பாங்க, வா." சுரங்கத்தை அவ்ரிலே கொண்டுபோய்ப் போட்டிக்கு வைத்தார், கூடாரத்துக்குள் நெவில் எட்டிப் பார்க்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "வெள்ளையா ஒண்ணு பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஃபெரெட் பந்தயம் நடக்கிற மைதானத்து மூலைக்கு வந்தார்.

அங்கே ஐந்து நீளமான பிளாஸ்டிக் குழாய்கள் முந்தின நாளே புல்லில் கிடத்தப்பட்டிருந்தன. ஒரு முனையில் ஃபெரெட்டை விடவேண்டும். எது மறுமுனையில் முதலில் தலை நீட்டுகிறதோ அதற்குக் கோப்பை. விட்டது பின்வாங்கி வராமலிருக்க, ஒவ்வொரு குழாயிலும் விடுகிற முனையில் ஒரு துணிக் குழல் மாட்டியிருக்கும். அதுவும் நெவிலின் தையல்தான்.

பந்தயக் கொடி இறங்கியது. நான்காம் குழாயில் கார்த் சக்டன் தன் கறுப்பு ஃபெரெட்டை விட்டிருந்தார். சும்மா விட்டால் குழாய்க்குள்ளேயே தூங்கிவிடுகிற சோம்பேறிகள் உண்டு, அதனால் கூட்டம் குழாய்களைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெண் கூவினாள்.

"கறுப்பாப் போனது வெள்ளையா வருது!"

நான்காம் குழாயின் மறுமுனையிலிருந்து புட்டிங் பந்து மாதிரி வெளியே வந்து விழுந்தாள். யாரோ தூக்கத்தைக் கெடுத்த கோபத்தில் பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஆடினாள். கொஞ்சம் கழித்து, அவமானப்பட்ட முகத்தோடு, கார்த்தின் கறுப்பன் வெளியே எட்டிப் பார்த்தான். மற்ற நான்கு குழாய்களிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை.

நெவில் கத்தவில்லை. கத்தி என்ன பயன்? மண் தரையில் காலை ஓங்கி இரண்டு முறை தட்டினார்.

புட்டிங் திரும்பினாள். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நேராக ஓடிவந்து, அவருடைய பேன்ட்டுக்குள் கணுக்கால் வழியாக ஏறிவிட்டாள்.

"யாரும் கிட்ட வராதீங்க," என்றார் நெவில், சிலை மாதிரி நின்றுகொண்டு. "நானும் அசைய மாட்டேன். அவ எங்க இருக்கான்னு கேக்காதீங்க."

தொடையில் ஒரு மேடு மெல்ல ஏறிப்போய் இடுப்புக்குக் கீழே சுருண்டு நின்றது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நெவிலின் கன்னங்களில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க கல்யாணத்துலகூட இப்படி அழுவல," என்றார் அவ்ரில், தானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

கார்த் நான்காம் குழாயின் துணிக் குழலைக் கழற்றி முகர்ந்து பார்த்துத் தலையைப் பின்னால் இழுத்தார். "யப்பா! இது எவன் பேன்ட்டு?"

நெவிலுடையது. வருடக்கணக்காகக் குப்பை லாரியோடு நடந்த பேன்ட். புதன்கிழமையே தைத்துக் கொடுத்துவிட்டதால் துவைப்பதிலிருந்து தப்பியது. ஊரிலேயே லாவண்டர் மணக்காமல் அவர் வாடை மிஞ்சியிருந்த ஒரே இடத்தை அவள் தேடிப் பிடித்து, அதை ஒட்டிக் குழாய்க்குள் படுத்திருந்திருக்கிறாள்.

பிறகு தொடங்கியது சண்டை. "என் குழாய், அதனால என் கோப்பை" என்றார் கார்த். "ஒன் கறுப்பன் பின்னாடிதானய்யா வந்தான்!" என்றார்கள். "பேர் குடுக்காத ஃபெரெட்டு எப்படி ஜெயிக்கும்?" "முதல்ல தலை நீட்டுறதுக்குத்தான் கோப்பைனு விதி. உள்ள எப்பப் போவணும்னு விதியில இல்ல!" விழாக் குழு கோப்பையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டது.

நெவில் அசையாமல் நின்ற இடத்துக்கே திருமதி த்வெய்ட் வந்தார். "மிஸ்டர் ஆக்ராய்டு, உங்க சுரங்கத்துக்கு முதல் பரிசு. இந்த வருஷம் மணமா இருக்கு."

"அப்படிங்களா," என்றார் நெவில். "அத இப்பவே எடுத்துக்கிட்டுப் போகலாங்களா? மறுபடி அழுக்காக்கணும்."

அந்த இலையுதிர்காலம் முடிவதற்குள் நான் மறுபடி கிளம்பிவிட்டேன். பிப்ரவரியில் ஒரு துறைமுகத்தில் மழைக்கு ஒதுங்கிக் கப்பலுக்குக் காத்திருந்தபோது நெவிலிடமிருந்து செய்தி வந்தது.

"கண்ணு, ஒருவழியா குழு தீர்ப்பு சொல்லிட்டாங்க. புட்டிங்தான் ஜெயிச்சா. கார்த்தே கோப்பையக் கொண்டுவந்து குடுத்தான், முட்டைக் கிண்ணம் அளவுதான் இருக்கு. டீ போடத் திரும்புனேன், காணோம். சோபாவுக்கு அடியில இழுத்துட்டுப் போயிட்டா. எடுத்து அலமாரியில வைன்னு அவ்ரில் சொல்றா. ஜெயிச்சவ அவ, எங்க வேணா வெச்சுக்கட்டும். தரையில இழுக்குறப்ப கீறல் விழாம இருக்க அதுக்கு ஒரு ஜீன்ஸ் உறை தெச்சுக்கிட்டிருக்கேன்."