போனுக்கு அப்பால் எல்லாம் மங்கல்

ஹட்டனில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். "நல்லாத்தான் தெரியுது" என்று வருகிறவர்களுக்குத் தெரியவில்லை என்று புரியவைப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை. பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கெம்பஸ், லீவு விட்டால் கடை நிறையப் பிள்ளைகள். உங்களில் கண்ணாடி போட்டவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

போர்டில் பழுது

பொறியியல் படிக்கிற பையன் ஒருவன். எதிரே இருந்த எழுத்து அட்டையை வாசிக்கச் சொன்னேன். போனை எடுத்து, அட்டையைப் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கி, கடைசி வரிவரை தப்பில்லாமல் வாசித்தான். கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. விரிவுரை மண்டபத்தில் போர்டையும் இப்படித்தான் வாசிப்பானாம். போனை வாங்கி வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மேல் வரியைத் தாண்டவில்லை. லென்ஸ் போட்டதும் அட்டையைக் கீழ்வரை வாசித்துவிட்டுச் சொன்னான்: "போட்டோவுல தெளிவா இருக்கும் மிஸ். போர்டுலதான் பழுதுன்னு நெனச்சிட்டேன்."

எதைப் பிடுங்குவது

கொத்மலைப் பக்கத்திலிருந்து மகளோடு வந்த ஒரு தகப்பன், போனைப் பிடுங்கி வைத்தால் கண் சரியாகுமா என்று கேட்டார். ஏறிய பவர் இறங்காது, கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதைக் குறைக்கலாம் என்றேன். மகளிடம் லெப்டொப் இல்லை; பாடக் குறிப்பு, அசைன்மென்ட் எல்லாம் அந்தச் சின்னத் திரையில்தான். அதை அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் என்னிடம் கேட்டார்: "போனை எடுத்தா படிப்பு போவுது, குடுத்தா கண்ணு போவுது. நாங்க எதைங்க பிடுங்குறது?"

மலையில் நின்ற ஆள்

வட்டகொடையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கெம்பஸில் படிக்கிற மகள், தலைவலி என்றாள். இருவருக்கும் பேச்சு சரியில்லை என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. சோதித்துப் பார்த்தால், கையெட்டும் தூரத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் மங்கல்.

அதைச் சொன்னதும் தாய், ரோட்டில் போகிறவளுக்கு மலையில் நிற்கிற ஆள் தெரியுமா என்று கேட்டார். ஆள் நிற்பது தெரியலாம், யாரென்று தெரியாது என்றேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். லீவுக்கு வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியவள், மேலே தாய் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே லயத்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்களாம். அன்றிலிருந்து தாய் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மகள் எழுந்து வந்து தாயை ஒட்டி உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார்: "கையக் காட்டுனேன் மிஸ். கெம்பஸுக்குப் போனதும் அம்மான்னு சொல்ல வெக்கப்படுறான்னு நெனச்சிட்டேன்."

இதை முழுக்கப் போனிலேயே தட்டி முடித்த எனக்கு இப்போது கண் எரிகிறது. நீங்களும் போனில்தான் வாசித்தீர்கள் என்றால், தலையைத் தூக்கித் தூரத்தில் யாராவது கை காட்டுகிறார்களா என்று பாருங்கள்.