நாத்தனார் துவைத்த ரிப்பன்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற அந்தப் பெண்ணை அக்கம்பக்கத்தில் பதக்கக்காரி என்றுதான் சொல்வார்கள். ஓடி ஜெயித்தோ பாடி ஜெயித்தோ வாங்கிய பதக்கம் ஒன்றுகூட அவளிடம் கிடையாது. அவள் சேர்த்ததெல்லாம் பழைய ஜப்பானியப் போர்ப் பதக்கங்கள். போர் மேல் அப்படி என்ன ஆசை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். "சண்டைய எவ கும்பிட்டா? செத்தவன் நெஞ்சுல கெடந்தத வச்சு ஊர ஏமாத்துறானுங்களே, அது எனக்கு ஆகாது. அவ்வளவுதான்" என்பாள்.

ஏமாற்றுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வார்ப்பில் ஊற்றிய போலிப் பதக்கத்தில் புது ரிப்பனைக் கோத்து, தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழசாக்கி விற்கிறார்கள். அதனால் சேகரிப்பாளர் சங்கத்தில் சண்டை போட்டு ஒரு விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். ரிப்பனைப் புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். போர்க்காலப் பட்டு அங்கே மங்கலாகத்தான் தெரியும். வெள்ளையை வெளுப்பாகக் காட்டுவதற்காக இந்தக் காலத்துத் துணியிலும் சலவைப்பொடியிலும் சேர்க்கிற மருந்து அதில் இருந்தால், நீலமாகப் பளிச்சென்று எரியும். எரிந்தால் போலி. காரணம் சொல்ல வாய் திறக்கக்கூடாது. ஏனென்றால், "அம்மா தெரியாம தொவைச்சுட்டாங்க" என்பதுதான் எல்லாக் கள்ளனும் சொல்கிற கதை. பரிசோதகர் நாற்காலியும் அவளுக்கே கிடைத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

கடைசியில் அவள் கைக்கு ஒரு பருந்துப் பதக்கம் வந்து சேர்ந்தது. மேலே பொன்னிறப் பருந்து, பச்சைப் பட்டு ரிப்பன், இரு ஓரமும் வெள்ளைக் கோடு, அரக்குப் பூசிய கறுப்புப் பெட்டி. அதற்காகத் தன்னிடமிருந்த மற்ற பதக்கங்கள் அத்தனையையும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். அலமாரி காலி. "இனிமே என் சட்டைய அங்க வைக்கலாமா?" என்று புருஷன் கேட்டதற்கு முறைப்புதான் பதில். சங்கத்தின் கண்காட்சியில் அசல் என்று சான்று வாங்கி, நடுமேடையில் அந்த ஒன்றை வைக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அந்த வாரம் பார்த்து நாத்தனார் வந்து தங்கினாள். புருஷனுக்கு அக்கா. சும்மா உட்காரத் தெரியாத கை. பதக்கக்காரி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பாவம் தம்பி பெண்டாட்டி இந்த அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் போய் நிற்பாளே என்று, ரிப்பனைக் கழற்றிச் சலவைப்பொடியில் ஊறவைத்துக் கசக்கி, இஸ்திரியும் போட்டுவிட்டாள்.

"பாரு, எப்பிடி இருக்குன்னு!" என்று நீட்டினாள்.

பதக்கக்காரி வாங்கிப் பார்த்தாள். பட்டில் ஓடிய அலையலையான மினுமினுப்பு சுத்தமாகப் போயிருந்தது. விளக்கைப் போட்டாள். ரிப்பன் நீலமாக எரிந்தது.

"அண்ணி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! இதத் தொட உங்களுக்கு யாரு சொன்னா?"

"நல்லதுக்குத்தானே பண்ணேன்..." நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. அப்புறம் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

பதக்கக்காரி சங்கத் தலைவரைத் தேடிப் போனாள். தலைவர் கட்டில், மெத்தை விற்கிறவர். அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்பிடி மூஞ்சிய வச்சிருக்கீங்க?" என்று மேசை இழுப்பறையை இழுத்தார்.

உள்ளே ரிப்பன்கள். பச்சை, சிவப்பு, வெள்ளை. எல்லாம் போர்க்காலப் பட்டு, எல்லாம் அசல், உடைந்த பதக்கங்களிலிருந்து வெட்டி எடுத்தவை. பச்சையில் ஒன்றை எடுத்து அவள் பதக்கத்தின் மேல் வைத்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

"கோத்துக்குங்க. விளக்குல எரியாது. நானே கையெழுத்துப் போடுறேன்."

அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். கை நீண்டுவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பதக்கத்தைத் தொங்கவிடுகிற பழைய வளையம் அழுத்திய துருக்கறை அதில் இருந்தது. அவளுடைய பதக்கத்தின் வளையம் அந்த அகலமே இல்லை.

"இது வேற ஒருத்தனோடது" என்றாள்.

"அட, எவனோடதா இருந்தா என்னம்மா? நீங்க பாஸ் பண்ணதுல பாதிக்கு ரிப்பன் இந்த டிராயர்லேர்ந்துதான் போயிருக்கு. ஒண்ணாவது எரிஞ்சுதா?"

ஆறுதலாகத்தான் சொன்னார் மனுஷன். அவள் ரிப்பனை இழுப்பறையிலேயே திரும்பப் போட்டாள். ஒருவன் ரிப்பனை இன்னொருவன் பதக்கத்தில் தொங்கவிட்டு, அதற்கு அவள் கையாலேயே அசல் என்று முத்திரை வாங்கியிருக்கிறார்கள். அவளும் விளக்கை நம்பி, கறையையும் வளையத்தையும் பார்க்காமல் குத்தித் தள்ளியிருக்கிறாள். பிறந்த நாள் முதல் ஒன்றாகவே கிடந்த பதக்கமும் ரிப்பனும் மட்டும் இப்போது போலி! இது என்ன நியாயம்?

கண்காட்சி மண்டபத்தில் நடந்த சான்றுக் கூட்டத்தில் அவள் பதக்கம் மேசைக்கு வந்தபோது, விளக்கைத் தானே போட்டாள். நீலம் எரிந்தது. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கூரையைப் பார்த்தார்.

"போலின்னு எழுதுங்க" என்றாள். "விதி நான் கொண்டுவந்தது. எனக்குன்னு வளைக்க மாட்டேன். ஆனா மேடையில இருக்கறது ஒவ்வொண்ணையும் எடுத்து, ரிப்பன் கறையும் வளையமும் ஒத்துப்போகுதான்னு இப்பவே பாருங்க. மாத்தினதுக்கெல்லாம் மாத்தினதுன்னு எழுதுங்க. தலைவர் கடை டிராயரையும் கொண்டாந்து இந்த மேசை மேல வைங்க!"

ஒருவர் இருமினார். டீ வந்துவிட்டது என்றார் இன்னொருவர். தலைவர் பூசி மெழுகினார்: அம்மா மனக்கஷ்டத்தில் பேசுகிறார், பரிசோதகர் பொறுப்பிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். எல்லாரும் கை தூக்கினார்கள். மேடையில் ஒரு பதக்கமும் இடம் மாறவில்லை.

வீட்டுக்கு வந்து கறுப்புப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். நாத்தனார் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"போலியாம்."

"போலியா?" நாத்தனார் பையைத் தொப்பென்று போட்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் பொங்கி வந்தது. "எவன் சொன்னான்? தொவைச்சவ நான். என்னைய வந்து கேக்கச் சொல்லு! ஊறப்போட்ட தண்ணி அப்பிடியே கஷாயம் மாதிரி எறங்கிச்சு. ரெண்டு தடவ மாத்தியும் பழுப்பு நிக்கல. வேர்வை நாத்தம் வேற. புதுத் துணியில ஒரு மனுஷனோட வேர்வை எங்கேர்ந்துடி வரும்?"

பதக்கக்காரி பெட்டியைத் திறந்து ரிப்பனை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

"அண்ணி, அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவாங்க?" என்றாள் நாத்தனார். "கீழ ஊத்திட்டேன்."